அண்ணன்மார் கதையில் துணைமாந்தர்: சாம்புவனும் பொன்னாச்சியும்

அண்ணன்மார் கதை கொங்கு நாட்டில் வழங்கும் வாய்மொழிக் காவியம். பொன்னர், சங்கர் என்னும் இரட்டைச் சகோதரர்களின் பிறப்பு, ஆட்சி, போர், மரணம் ஆகியவற்றைக் கூறுவதால் இது பொன்னர் சங்கர் கதை என்றும் அழைக்கப்படுகிறது. பேசும் விலங்குகள், சாபங்கள், தெய்வங்களின் சூழ்ச்சி, இறந்தவர் உயிர்த்தெழுதல் என மாயக்கதைக்குரிய கூறுகள் நிறைந்த கதை இது. பெயரில் இரு நாயகர்கள் இருந்தாலும், கதையின் முக்கியத் திருப்பங்களில் செயலை முடித்து வைப்பவர்கள் அவர்களின் துணைமாந்தரே. அவர்களில் சாம்புவன் என்னும் பணியாளனும், பொன்னாச்சி என்னும் சிறிய பெண் நாயும் தனியாகக் கவனிக்கத்தக்கவர்கள்.

வட்டாரப் பின்னணி

குமாரபாளையம் காவிரியின் கீழ்க்கரையில் அமைந்த நெசவு நகரம். எதிர்க்கரையில் பவானி ஆறு காவிரியோடு கலக்கும் கூடுதுறை உள்ளது. முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997இல் நாமக்கல் மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. நாமக்கல், சேலம், ஈரோடு, கரூர், திருப்பூர் மாவட்டங்களின் பல ஊர்களில் அண்ணன்மாருக்குக் கோயில்கள் உள்ளன. கதையின் மையமான வழிபாட்டிடம் வீரப்பூர். அது காவிரிக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மணப்பாறை வட்டத்தில் உள்ளது. கதையில் சகோதரர்கள் ஆண்ட நாட்டின் பெயர் பொன்னிவளநாடு. பொன்னி என்பது காவிரியின் மறுபெயர். ஆற்றின் இரு கரைகளிலும் வாழ்ந்த உழவர், நெசவாளர், கைவினைஞர், வேட்டுவர், பணியாளர் ஆகிய பல சமூகத்தாரும் இக்கதையில் பாத்திரங்களாக வருகின்றனர்.

இக்கதை நெடுங்காலம் உடுக்கடிப் பாட்டாகவே வாழ்ந்தது. முதன்மைப் பாடகர் உடுக்கையை அடித்துப் பாட்டாகவும் வசனமாகவும் கதையைச் சொல்வார். உடனிருக்கும் பின்பாட்டுக்காரர் அடிகளைத் திருப்பிப் பாடுவார், கேள்வி கேட்பார், 'ஆமாம்' போடுவார், பாடகர் மூச்சு வாங்கும்போது கதையைத் தாங்கிப் பிடிப்பார். பல இரவுகள் தொடரும் இத்தகைய நிகழ்த்துதலை ஒருவரே தனியாக நடத்த முடியாது. ஆகவே கதைக்குள் துணைமாந்தர் இருப்பதுபோல, கதையைச் சொல்லும் முறையிலும் ஒரு துணைமாந்தர் இருக்கிறார். ஊரார் நினைவில் முதன்மைப் பாடகரின் பெயரே நிற்கும்.

கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுப்பகுதியில் காங்கயம் வட்டாரத்தில் உள்ள ஓலப்பாளையத்தில் தங்கிக் களஆய்வு செய்தார். 1965இல் உடுக்கடிப் பாடகர்கள் பாடிய முழுக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதை ஆராய்ந்து அவர் எழுதிய 'தி த்ரீ ட்வின்ஸ்' என்னும் நூல் 1982இல் வெளிவந்தது. பதிவின் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டன. தமிழில் சக்திக்கனல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை' பரவலாக அறியப்பட்ட அச்சு வடிவம். கதை வடிவங்களுக்கிடையே நிகழ்ச்சிகளிலும் பெயர்களிலும் வேறுபாடுகள் உண்டு. சாம்புவன் என்ற பெயர் சாம்புகன் என்றும் வழங்குகிறது. இக்கட்டுரையில் கூறப்படும் பன்றி வேட்டை நிகழ்ச்சி பெக் பதிவு செய்த வடிவத்தை ஒட்டியது.

கதைச் சுருக்கம்

குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் நெடுங்காலம் குழந்தை இல்லை. தாமரை சிவனை நோக்கிக் கடுந்தவம் செய்கிறாள். அதன் பயனாகப் பொன்னர், சங்கர் என்னும் மகன்களும் தங்காள் என்னும் மகளும் பிறக்கின்றனர். பங்காளிகளின் பகைக்கு அஞ்சி மகன்கள் மறைவாக வளர்க்கப்படுகிறார்கள். வளர்ந்தபின் நாட்டை மீட்டு ஆள்கின்றனர். பொன்னர் பொறுமையும் நேர்மையும் உடையவர். சங்கர் சினமும் வீரமும் மிக்கவர்.

தங்காள் விரும்பிய கிளியை வேட்டுவரின் காட்டிலிருந்து சகோதரர்கள் பிடித்து வருவது பகைக்கு வித்தாகிறது. கொம்பன் என்னும் பெருங்காட்டுப்பன்றி அவர்களின் வயல்களைப் பாழாக்குகிறது. சங்கர் அதை வேட்டையாடிக் கொல்கிறார். தொடர்ந்து வேட்டுவருடன் போர் மூளுகிறது. இறுதியில் தெய்வத்தின் குறிப்பால் தம் காலம் முடிந்ததை உணர்ந்து சங்கர் தன் வாள்மீது விழுந்து உயிர்விடுகிறார். சாம்புவனும், செய்தியறிந்து வந்த பொன்னரும் அவ்வாறே மடிகின்றனர். தங்காள் காட்டில் தேடியலைந்து உடல்களைக் கண்டுபிடித்து, தெய்வ அருளால் அண்ணன்மாரைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசுகிறாள். அதன்பின் அவர்கள் தெய்வமாகின்றனர்.

சாம்புவன்

சாம்புவன் சகோதரர்களின் முதன்மைப் பணியாளன். கதை மரபு அவனைப் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவனாகக் கூறுகிறது. செய்தி கொண்டு செல்வது, ஆள் திரட்டுவது, முரசு அறைவது, படைக்கு முன்னே நடப்பது, எதிரியை முதலில் எதிர்கொள்வது ஆகியவை அவன் வேலைகள். உடல் வலிமையில் சங்கருக்கு அடுத்தபடி வைக்கத்தக்கவன். சில இடங்களில் அவன் பேச்சு நகைச்சுவையாக அமைகிறது. நீண்ட இரவுகளில் கேட்போரைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதில் அப்பகுதிகளுக்குப் பங்கு உண்டு.

பாட்டில் சாம்புவன் வராத பெருநிகழ்ச்சி குறைவு. இருந்தும் அவனுடைய பெற்றோர், குடும்பம், விருப்பம் பற்றிக் கதை அதிகம் பேசுவதில்லை. நாயகர்களின் பரம்பரை மூன்று தலைமுறைகளுக்கு விரித்துப் பாடப்படுகிறது. அவர்களின் பாட்டன் நிலத்தைத் திருத்தியதிலிருந்து கதை தொடங்குகிறது. அந்த நிலத்தில் வேலை செய்தவர்களின் பரம்பரை பாட்டில் இடம்பெறுவதில்லை. சாம்புவன் இந்த இடைவெளியின் முன்னால் நிற்கும் பாத்திரம். அவன் செயல்கள் மட்டுமே தெரியும். அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள வாழ்க்கை தெரியாது.

அவனுடைய மரணம் கதையின் முக்கியமான கட்டம். சங்கரின் மரணத்திற்குத் தெய்வ ஆணை காரணமாகச் சொல்லப்படுகிறது. பொன்னரின் மரணத்திற்குச் சகோதர பாசம் காரணம். சாம்புவனுக்கு இந்த இரு காரணங்களும் இல்லை. அவனுடைய ஆயுள் முடிந்ததாக எந்தத் தெய்வமும் அறிவிக்கவில்லை. அவன் தானே முடிவெடுத்து இறக்கிறான். இதை உச்சமான விசுவாசமாகக் காணலாம். தலைவன் இல்லாத நாட்டில் தனக்கென ஓர் இடம் இராது என்று உணர்ந்தவனின் முடிவாகவும் காணலாம். பாட்டு இரண்டாவது பொருளை வெளிப்படையாகச் சொல்வதில்லை என்றாலும், கதை காட்டும் சமூக அமைப்பு அதற்கு இடம் தருகிறது.

பொன்னாச்சி

பொன்னாச்சி அரண்மனையில் வளரும் சிறிய பெண் நாய். கொம்பனை வேட்டையாடச் சங்கர் புறப்படும்போது ஆட்களும் பெரிய வேட்டை நாய்களும் திரட்டப்படுகின்றனர். உருவத்தில் சிறியது என்பதால் பொன்னாச்சியை யாரும் அழைக்கவில்லை. அவமதிக்கப்பட்ட பொன்னாச்சி சாபமிடுகிறது. வேட்டைக்குச் சென்றவர்கள் நோயுற்று விழுகிறார்கள், வேட்டை நின்றுபோகிறது. காரணம் தெரிந்தபின் பொன்னாச்சியை அழைத்து வரச் சாம்புவன் அனுப்பப்படுகிறான். உரிய மரியாதையுடன் அழைத்து வரப்பட்ட பின்னரே அது உதவ முன்வருகிறது.

பெரிய நாய்களாலும் ஈட்டிக்காரர்களாலும் நெருங்க முடியாத கொம்பனை, பொன்னாச்சி தன் சிறிய உருவத்தைப் பயன்படுத்தியே நெருங்குகிறது. பன்றியின் கால்களுக்கிடையே புகுந்து விதைப்பையைக் கடிக்கிறது. வலியால் நிலைகுலைந்த பன்றியைச் சங்கர் ஈட்டியால் குத்திக் கொல்கிறார். வெற்றி சங்கருடையதாகப் பாடப்படுகிறது. ஆயினும் நிகழ்ச்சிகளின் வரிசையைப் பார்த்தால், நாயின் கடி இல்லாமல் ஈட்டிக்கு வேலை இல்லை.

இக்கட்டத்தில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பொன்னாச்சி அழைக்காமல் வந்து உதவுவதில்லை. தன் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அது கேட்கிறது. கேட்டு மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் காட்டுகிறது. காவியத்தின் துணைமாந்தரில் தன் மதிப்பை நாயகனிடம் நேரடியாகக் கேட்டுப் பெறுவது இந்த நாய். இரண்டாவது, அதனை அழைத்து வரச் செல்பவன் சாம்புவன். தனக்காக எதையும் கேட்காத துணைவன், தனக்குரியதைக் கேட்ட துணைவியைப் பணிந்து அழைத்து வருகிறான். மனிதப் பணியாளனின் வாயில் வைக்க முடியாத கோரிக்கையைப் பாட்டு மரபு ஒரு விலங்கின் வாயில் வைத்தது என்று கொள்ள இடமுண்டு. பேசும் விலங்குகள் மாயக்கதைகளில் செய்யும் பழைய வேலைகளில் இதுவும் ஒன்று.

தங்காள்

தங்காள் நாயகர்களின் தங்கை. பெரும்பாலான கட்டங்களில் அவள் வீட்டுக்குள் இருக்கிறாள். ஆனால் நடக்கப்போவதைக் கனவில் காண்பவள் அவளே. அவளுடைய எச்சரிக்கைகளை அண்ணன்மார் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் இறந்தபின், காட்டுக்குள் தனியாகச் சென்று அவர்களைத் தேடுபவளும் உயிர்ப்பிப்பவளும் அவள்தான். வாளால் நாயகர்கள் செய்யாததைத் தங்காள் செய்கிறாள். பெக் தன் நூலுக்கு மூன்று இரட்டையர் எனப் பொருள்படும் தலைப்பை வைத்தார். கதையின் பெயரில் இரண்டாக எண்ணப்பட்ட உடன்பிறப்புகளை அத்தலைப்பு மூன்றாக எண்ணுகிறது.

வழிபாட்டில் துணைமாந்தர்

கதையில் பின்னால் நிற்பவர்கள் சடங்கில் முன்னால் வருவதுண்டு. வீரப்பூர் பெரியகாண்டியம்மன் கோயிலில் மாசி மாதத்தில் நடைபெறும் பெருவிழாவில் வேடபரி முக்கிய நிகழ்ச்சி. பொன்னரின் குதிரை வாகனம் புறப்படும் அந்த ஊர்வலத்தில் சாம்புவனின் பெயரால் முரசு முழங்கிச் செல்கிறது. முரசு இல்லாமல் ஊர்வலம் இல்லை என்ற அளவில் சாம்புவனின் இடம் விழாவில் நிலைபெற்றுள்ளது.

படுகளம் என்பது அண்ணன்மார் வழிபாட்டின் தனிச்சிறப்பான சடங்கு. சகோதரர்களும் படையினரும் மடிந்த கட்டத்தைப் பாடும்போது, அருள் வந்தவர்கள் பிணம்போல் தரையில் விழுகின்றனர். தங்காளின் இடத்தில் நிற்பவர் அவர்களை ஒவ்வொருவராக எழுப்புகிறார். ஒரு குறிப்பிட்ட நாயகனுக்கு மட்டும் உரியதாக இல்லாமல், களத்தில் விழுந்த பெயரில்லாத வீரர்களையும் இச்சடங்கு நினைவில் கொண்டுவருகிறது. விழுபவர் யாருடைய பாத்திரத்தை ஏற்று விழுகிறார் என்பதைவிட, விழுந்தவர் எல்லோரும் எழுப்பப்பட வேண்டும் என்பதே இங்கு முதன்மை.

பிற தமிழ்க் கதைகள்

துணைமாந்தர் நாயகரைத் தாங்கி நிற்பது அண்ணன்மார் கதைக்கு மட்டும் உரியதன்று. தமிழில் வழங்கும் விக்கிரமாதித்தன் கதையில் மன்னனின் சகோதரனும் அமைச்சனுமான பட்டி வருகிறான். இந்திரன் அளித்த சிம்மாசனத்தில் 1000 ஆண்டுகள் அமர்ந்து ஆளும் வரத்தை விக்கிரமாதித்தன் பெறுகிறான். பட்டி காளியிடம் 2000 ஆண்டு ஆயுளைப் பெறுகிறான். தன் ஆயுளோடு மன்னனின் ஆயுளும் பொருந்த வேண்டும் என்பதற்காக அவன் ஒரு வழி சொல்கிறான். ஆண்டுதோறும் ஆறு மாதம் சிம்மாசனத்தில் அமர்ந்து ஆளவேண்டும், ஆறு மாதம் காட்டில் திரியவேண்டும். சிம்மாசனத்தில் அமரும் காலம் மட்டுமே வரத்தில் கழியும் என்பதால் 1000 ஆண்டுகள் 2000 ஆகின்றன. காடாறு மாதம் நாடாறு மாதம் என்று வழக்கில் நிலைத்துவிட்ட தொடரின் பின்னணி இதுவே. விக்கிரமாதித்தனின் சாகசங்கள் பல நிகழ்வது காட்டில் திரியும் காலத்தில். ஆகவே அச்சாகசங்களுக்குக் காலத்தை உருவாக்கிக் கொடுத்தவன் பட்டி.

1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழ் வழியாக வேதாளக் கதைகள் பல தலைமுறைச் சிறுவர்களைச் சென்றடைந்தன. உருவிய வாளுடன் தோளில் உடலைச் சுமந்து செல்லும் மன்னனின் படமே அவர்களின் நினைவில் பதிந்தது. அந்தப் படத்தில் பட்டிக்கு இடமில்லை.

காத்தவராயன் கதையில் தொட்டியத்துச் சின்னான் வருகிறான். மந்திரவித்தையில் வல்லவனான அவன் காத்தவராயனின் துணைவனாக உடன் செல்கிறான். தொட்டியம் காவிரியின் வடகரையில் நாமக்கல் மாவட்டத்தை ஒட்டி அமைந்த ஊர். இலங்கைத் தமிழரின் காத்தவராயன் கூத்திலும் சின்னான் பாத்திரம் இடம்பெறுகிறது.

உலக இலக்கியத்தில் ஒப்புமை

ரஷ்ய நாட்டார் கதைகளை ஆராய்ந்த விளாதிமிர் பிராப், 1928இல் வெளியான தம் நூலில் மாயக்கதைகளின் பாத்திரங்களை ஏழு வகையாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று துணைவன். மாயத் துணை கிடைத்தபின் நாயகன் தானாக எதையும் செய்வதில்லை, எல்லாவற்றையும் துணையே செய்து முடிக்கிறது என்பது அவர் கண்டறிந்த முக்கியமான போக்கு. கொம்பன் வேட்டைக்கு இக்கருத்து பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் பிராப் கூறும் துணை மறுப்பதில்லை. பொன்னாச்சி மறுக்கிறது.

செர்வாண்டிஸ் எழுதிய டான் குவிக்சோட் நாவல் 1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வந்தது. அதில் வரும் பணியாளன் சாஞ்சோ பான்சா, இரண்டாம் பாகத்தில் சிறிது காலம் ஆளுநராக இருந்து நியாயமான தீர்ப்புகள் வழங்குகிறான். ஜே.ஆர்.ஆர். டோல்கியனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. நாயகன் ஃப்ரோடோ நடக்க முடியாமல் விழும்போது அவனைத் தோட்டக்காரன் சாம் முதுகில் சுமந்து மலையேறுகிறான். டோல்கியன் தம் கடிதம் ஒன்றில் சாமை முதன்மை நாயகன் என்று குறிப்பிட்டிருக்கிறார். முதல் உலகப் போரில் தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களும் அதிகாரிகளின் பணியாட்களுமே சாமுக்கு முன்மாதிரி என்றும், அவர்கள் தம்மைவிட மேலானவர்கள் என்றும் அவர் கூறியுள்ளார்.

சாம் போர் முடிந்து வீடு திரும்புகிறான். மணம் புரிந்து, குழந்தைகளைப் பெற்று, ஊரின் தலைவனாகிறான். சாஞ்சோவும் வீடு திரும்புகிறான். சாம்புவன் திரும்புவதில்லை. துணைவனுக்குக் கதை முடிந்தபின் ஒரு வாழ்க்கை உண்டா என்ற கேள்வியில்தான் இக்கதைகள் வேறுபடுகின்றன.

நவீன வடிவங்கள்

மு. கருணாநிதி இக்கதையை 'பொன்னர் சங்கர்' என்னும் நாவலாக எழுதினார். அதன் அடிப்படையில் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரு வேடங்களில் நடித்த திரைப்படம் 2011இல் வெளிவந்தது. பிரெண்டா பெக் தம் பதிவை ஆதாரமாகக் கொண்டு 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடரை உருவாக்கினார். உடுக்கடிப் பாட்டில் இரவு முழுதும் விரியும் பொன்னாச்சியின் கோபம் போன்ற பகுதிகளுக்குத் திரைப்படத்தின் கால அளவு இடம் தருவதில்லை. கதை சுருங்கும்போது முதலில் வெளியேறுபவர்கள் துணைமாந்தரே. பல பகுதிகளாக நீளும் வடிவங்களில் அவர்கள் மீண்டும் இடம்பெற முடிகிறது.

மதிப்பீடு

துணைமாந்தரே உண்மையான நாயகர்கள் என்னும் கருத்து இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அண்ணன்மார் கதையைப் பொறுத்தவரை இக்கருத்தை இரு நிலைகளில் அணுக வேண்டும். செயலின் அளவில் இது சரியானது. கொம்பனை வீழ்த்த வழி செய்தது பொன்னாச்சி. படைக்கு முன் நின்றது சாம்புவன். இறந்தவர்களை எழுப்பியது தங்காள். இம்மூவரையும் நீக்கினால் காவியம் நகராது.

அதேவேளை, பணியாளனின் விசுவாசத்தைப் போற்றுவது அவன் பணியாளனாகவே இருந்ததை நியாயப்படுத்திவிடவும் கூடும். சாம்புவனை உண்மையான நாயகன் என்று அழைப்பது எளிது. அவனுக்கு ஏன் பரம்பரை இல்லை, நிலம் இல்லை, தலைவனுக்குப் பிந்திய வாழ்க்கை இல்லை என்று கேட்பது கடினம். பழைய பாடகர்கள் இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் அதை முற்றிலும் மறைக்கவும் இல்லை. அழைக்காவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லும் நாயை அவர்கள் கதையின் நடுவில் வைத்தார்கள். அந்த நாய் வரும்வரை நாயகனின் வேட்டை தொடங்குவதில்லை.

குமாரபாளையம் போன்ற நெசவு ஊர்களில் இதைப் புரிந்துகொள்ள நூல்கள் தேவையில்லை. தறியில் துணி வளர்வதற்கு முன் பாவு ஓட வேண்டும், தார் சுற்ற வேண்டும். தார் சுற்றியவரின் பெயர் துணியில் இருப்பதில்லை. தார் தீர்ந்துபோனால் தறி நின்றுவிடும். அண்ணன்மார் கதையில் சாம்புவனும் பொன்னாச்சியும் வகிக்கும் இடம் அத்தகையது.